ஹார்ட் டிஸ்க் – வன்வட்டு: சொல்லும் பொருளும்

மின்சாரம் நின்ற பிறகும் தரவு அழியாமல் காக்கும் காந்தச் சேமிப்புக் கருவிதான் ஹார்ட் டிஸ்க். தமிழில் வன்வட்டு, வன்தட்டு, நிலைவட்டு என்று மூன்று பெயர்கள் அதற்குப் புழங்குகின்றன. பழைய மேசைக் கணினிக்குப் புது வட்டு வாங்க சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புமுன் இந்தப் பெயர்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. தவறான பொருளை வாங்கி வருவதும் தரவைப் பறிகொடுப்பதும் பல நேரம் சொற்குழப்பத்தில்தான் தொடங்குகின்றன.

வட்டில் தரவைச் சேமிக்கும் முறை 1956இல் ஐபிஎம்மின் ராமாக் கணினியோடு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அன்றைக்கு அதை யாரும் 'ஹார்ட்' என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 1971இல் வளையும் பிளாஸ்டிக் தகட்டோடு ஃபிளாப்பி வந்ததும், அலுமினியத் தட்டு கொண்ட பழையதைப் பிரித்துக் காட்ட ஓர் அடைமொழி வேண்டியதாயிற்று. நெகிழ்வட்டு, வன்வட்டு என்ற தமிழ் இணையும் அதே வழியில் அமைந்தது. பெட்டியை விட்டு வெளியே எடுக்காத வட்டு என்பதால் 'ஃபிக்ஸட் டிஸ்க்' என்ற பெயரும் ஓடியது. பழைய டாஸ் இயங்குதளத்தில் வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளையின் 'எஃப்' அதுதான். நிலைவட்டு அதன் நேர்த் தமிழ். யுஎஸ்பியில் செருகிப் பையில் தூக்கிச் செல்லும் வட்டுக்கு இன்று அந்தப் பெயர் பொருந்தாது.

மற்ற இரண்டில் வன்வட்டே சிறந்தது. வன்சொல், வன்பகை, வன்பொருள் என்ற வரிசையில் அது இயல்பாக உட்காருகிறது. 'வன்' முன் 'தட்டு' சேர்ந்தால் மரபுப் புணர்ச்சியில் 'வன்றட்டு' என்றாக வேண்டும். சுந்தரர் வன்றொண்டர் ஆனது அப்படித்தான். 'வட்டு' சேரும்போது இந்தச் சிக்கல் இல்லை. சொல்லும் பழையது: வேம்பின் நிழலில் அரங்கு கீறி, சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுவதை நற்றிணையின் மூன்றாம் பாட்டில் காணலாம். தட்டு என்பதைக் கருவிக்குள் சுழலும் ஒவ்வொரு தகட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வன்வட்டுக்குள் ஒன்றோ பலவோ தட்டுகள்.

சிங்கப்பூருக்கு இந்தக் கருவி அந்நியமானதல்ல. சீகேட் 1982இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது; எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகின் முதன்மையான வன்வட்டு உற்பத்தி மையமாக இருந்தது இந்தத் தீவுதான். அக்காலத்து வட்டுகள் பலவற்றின் மேலொட்டியில், கொள்ளளவுக்கும் பட்டைக்கோட்டுக்கும் அருகே, சிங்கப்பூரில் செய்தது என்ற வரியை இன்றும் பார்க்கலாம்.

இனி, தொல்லை தரும் சொற்கள். 'டிரைவ்' முதலாவது. சி டிரைவ், டி டிரைவ் என்று திரையில் தெரிபவை பெரும்பாலும் ஒரே வன்வட்டின் இரு பிரிவுகள். "டி-யில் ஒரு நகல் வைத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர், அந்த வட்டு செத்தால் இரண்டையும் சேர்த்தே இழப்பார். காப்பு நகல் வேறொரு கருவியில் இருக்க வேண்டும். 'மெமரி' அடுத்தது. கடையில் மெமரி என்று கேட்டால், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தரவை வைத்திருக்கும் ரேம்தான் கைக்கு வரும். வன்வட்டின் அளவைச் சொல்லக் கொள்ளளவு என்ற சொல் இருக்கிறது. எஸ்எஸ்டியைத் திண்மநிலை வன்வட்டு என்று எழுதுகிறார்கள். அதில் வட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை; சில்லுகள் மட்டுமே. திண்மநிலைச் சேமிப்பகம் என்பதே சரி.

பழைய கணினியில் இயங்குதளம் இருக்க வேண்டிய இடம் இந்தச் சேமிப்பகம்தான். வட்டைத் தாய்ப்பலகையோடு சேர்ப்பது சாட்டா இணைப்பு. நொடிக்கு 3 கிகாபிட் வேகமுள்ள பழைய சாட்டா இணைப்பிலும் புதிய சாட்டா சேமிப்பகம் ஓடும். வேகம் அந்த இணைப்பின் எல்லைக்குள் நிற்கும், அவ்வளவுதான். அகன்ற 40 முனை நாடாக் கம்பி கண்ணில் பட்டால் அது சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ. அதில் சாட்டா வட்டு நேரே சேராது.

மாற்றும்போது சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். 3.5 அங்குல வன்வட்டுக்கு 6-32 என்னும் தடித்த மரைத் திருகாணி, 2.5 அங்குலச் சேமிப்பகத்துக்கு எம்3 என்னும் நுண்மரை. ஒன்றை மற்றதன் துளையில் திணித்தால் மரை தேய்ந்து, பிறகு எதுவும் பிடிக்காது. சாட்டா தரவுக் கம்பி 7 முனை, மின்கம்பி 15 முனை. இரண்டும் ஒரு பக்கமாகத்தான் ஏறும். சாய்த்து இழுத்தால் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துவிடும்.

பழைய வட்டைப் புதியதற்கு அப்படியே நகலெடுத்த பின் விண்டோஸ் 0x0000007B என்ற நீலத்திரையில் நின்றால், முதலில் பயாஸில், அதாவது கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், சாட்டா முறையைப் பாருங்கள். முன்பு சாட்டா வட்டைப் பழைய ஐடிஇ போலக் காட்டும் ஐடிஇ முறையில் நிறுவியது, ஏஎச்சிஐ என்னும் புதிய முறைக்கு மாறியிருந்தால் தேவையான இயக்கி (டிரைவர் மென்பொருள்) துவக்கத்தில் ஏறாது. பழைய முறைக்கே திருப்பினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். பெரிய வன்வட்டு வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய பயாஸில் விண்டோஸ், வட்டின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் எம்பிஆர் என்னும் பழைய வகை அட்டவணையிலிருந்துதான் துவங்கும். 512 பைட் கொண்ட துண்டுகளாக அது எண்ணுவதால் 2.2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. 4 டெராபைட் வட்டைத் துவக்க வட்டாகப் போட்டால் மிச்சம் வீண். தரவுக்கு மட்டும் என்றால் ஜிபிடி என்னும் புதிய வகை அட்டவணை போட்டு முழுவதையும் பயன்படுத்தலாம். 1 டெராபைட் வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது குறையல்ல: நிறுவனம் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024இன் அடுக்கில் எண்ணுகிறது.

கழற்றிய வட்டைக் கைமாற்றுமுன் 'ஃபார்மேட்' செய்துவிட்டேன் என்பது போதாது. விரைவு ஃபார்மேட் கோப்புப் பட்டியலைத்தான் புதிதாக்குகிறது. கோப்புகள் தட்டிலேயே கிடக்கும், மீட்பு மென்பொருள் அவற்றை எடுத்துவிடும். வன்வட்டை வேறொரு கணினியில் இணைத்து, விண்டோஸின் வட்டுப் பிரிப்புக் கருவியான டிஸ்க்பார்ட்டில் 'கிளீன் ஆல்' கட்டளையைக் கொடுத்தால் முழு வட்டிலும் சுழியங்கள் எழுதப்படும். 1 டெராபைட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். கட்டளை கொடுக்குமுன் வட்டு எண்ணையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறினால் அழிவது அந்தக் கணினியின் வட்டு.