இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம்

போன வாரம் ஒரு அம்மா, சம்மனோடு வந்த பிராது (வழக்கு மனு) நகலை என் மேசையில் விரித்து 11-ஆம் பத்தியில் விரலை வைத்தார். "இது எங்க அண்ணனுக்குத் தெரியவே தெரியாது சார். அந்த வக்கீல்கிட்ட மட்டும்தான் சொன்னேன்." அப்பா உயிரோடு இருந்தபோது இவருக்கு வீடு கட்டக் கொடுத்த பணம் அது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. பாகப்பிரிவினை பேச அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் அந்த வக்கீலிடம் போயிருக்கிறார்கள். எதையும் மறைக்கக் கூடாது என்று அவர் சொன்னதால், மறுநாள் இவர் தனியாகப் போய் இதையும் சொல்லியிருக்கிறார். அப்புறம் பேச்சு முறிந்தது. இப்போது அண்ணன் வாதி, தங்கை பிரதிவாதி. வாதிக்கு ஆஜராவது அதே வக்கீல்.

இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது வழக்குக் கட்டு இது. கோபம்தான் வருகிறது.

"நமக்குள்ள என்ன, ஒரே வக்கீல் போதும், செலவும் மிச்சம்." இந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சுமுகமாக இருக்கும்வரை சரி. ஆனால் பங்கு பிரிப்பதில் ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். "இந்த விலைக்கு ஒப்புக்கொள்ளலாமா?" என்று நீங்கள் கேட்டால் உங்கள் நன்மையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர், அதே கேள்வியை உங்கள் அண்ணன் கேட்கும்போது என்ன சொல்வார்? நீங்கள் தனியாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அண்ணனிடம் சொன்னால் உங்களுக்குத் துரோகம், மறைத்தால் அவருக்குத் துரோகம். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இதிலிருந்து வெளியே வர அவருக்கு ஒரே வழிதான்: இருவரையும் வேறு வக்கீல்களிடம் அனுப்பிவிட்டு ஒதுங்குவது. அவர் செய்திருக்க வேண்டியதும் அதுதான். பரஸ்பர சம்மத விவாகரத்திலும் இதே கதை. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் மனுவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் 6 மாதம் இருக்கிறது. அதற்குள் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், இரண்டு பேரின் ரகசியமும் ஒரே மேசையில் கிடக்கும். சமரசம்தான் வேண்டும் என்றால் மத்தியஸ்தரிடம் போங்கள். அது வேறு வேலை.

"வக்கீலை அமர்த்தும் வக்காலத்தில் கையெழுத்தே போடவில்லையே, பீஸும் கொடுக்கவில்லையே, அவர் எதிர்தரப்புக்குப் போனால் என்ன கேட்க முடியும்?" என்று அந்த அம்மா தயங்கினார். கேட்கலாம். வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிகளில் 33-ஆவது விதி, வழக்குப் போடுவது பற்றி ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீலே, அதே விஷயத்தில் எதிர்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்கிறது. ஆலோசனை சொன்னாலே போதும். மறுதரப்போடு தனக்கு ஏதாவது தொடர்பு இருந்தால் அதை முதலிலேயே கட்சிக்காரரிடம், அதாவது தன்னை அமர்த்துபவரிடம், சொல்ல வேண்டும் என்பது 14-ஆவது விதி.

ரகசியத்துக்குத் தனிச் சட்டப் பிரிவே உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவாக இருக்கிறது. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் அவர் சொன்னதை வக்கீல் வெளியிட முடியாது. வழக்கு முடிந்த பிறகும் முடியாது. குமாஸ்தாவுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் இது பொருந்தும். போர்ஜரி செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்று சொன்னால் அது ரகசியம். போர்ஜரி பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டு நிலத்தை வாங்கித் தாருங்கள் என்றால் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. இனி செய்யப்போகும் தப்புக்கு எங்களைக் கூட்டுச் சேர்க்காதீர்கள்.

முதல் சந்திப்பில் உங்கள் கதையைத் தொடங்கும் முன் எதிர்தரப்பின் பெயரைச் சொல்லுங்கள். "இவருக்கு எப்போதாவது ஆஜராகியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள், வக்கீல் தப்பாக நினைக்க மாட்டார். தனியாகப் பேச வேண்டியதைத் தனியாகவே பேசுங்கள். மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேரைக் கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டு, அப்புறம் விஷயம் வெளியே போனது எப்படி என்று கேட்காதீர்கள். வக்கீல் அனுப்பும் நோட்டீஸ் வரைவைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சிக்காரரின் தம்பி என்று ஒருவர் போனில் "கேஸ் எந்த நிலையில இருக்கு?" என்று கேட்டால், அவரிடம் கட்டைப் பிரித்துப் படிக்காதீர்கள். கோர்ட் வராந்தாவில் எதிர்தரப்பு ஜூனியரோடு பேசும்போதும் வாயில் கவனம் இருக்கட்டும்.

மீறினால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 35-ஆவது பிரிவின்படி கண்டிப்பதில் தொடங்கி, தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. ஆனால் ஆலோசனை கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். முதல் நாளிலிருந்தே ரசீது, தேதி, மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் ரசீது இல்லை. அரைமணி நேரம் போனைத் தேடியதில் ஒரே ஒரு மெசேஜ் கிடைத்தது: "நாளை 5 மணிக்கு வாங்க. அப்பா பெயரில் உள்ள பத்திரத்தை எடுத்துட்டு வாங்க. நீங்க மட்டும் வந்தா போதும்." அனுப்பியவர் அந்த வக்கீல். அதை இணைத்து, அவர் இந்த வழக்கில் ஆஜராகக் கூடாது என்று மனு போட்டிருக்கிறோம்.