கிராபிக்ஸ் கார்ட் மெக் இயங்குதளத்தில் வேலை செய்யுமா? வாங்குவதற்கு முன் கேளுங்கள்

திருமண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி, தான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியை மடியில் வைத்துக்கொண்டு, களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு நகரிலுள்ள என் வேலைத்தளத்துக்கு வந்தார். மெக்கில் மட்டும் ஓடும் பைனல் கட் புரோ என்ற மென்பொருளில் எடிட்டிங் செய்வதற்காக அதில் அப்பிளின் மெக் இயங்குதளத்தை (மெக்ஓஎஸ்) நிறுவியிருந்தார். கணினி திறந்தது, ஆனால் ஜன்னல்களை இழுத்தால் விட்டுவிட்டு நகர்ந்தன, கீழேயுள்ள ஐகன் வரிசை கண்ணாடிபோலத் தெரியாமல் சாம்பல் பட்டையாகக் கிடந்தது, கணினி பற்றிய தகவல் பெட்டியில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் 7 எம்பி என்று மட்டும் காட்டியது. "எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கன் அண்ணன், மறுகா ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்தது 12 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட். ஒரு கல்யாண சீசன் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அதை விற்றவர், எந்தக் கார்டாக இருந்தாலும் ஒரு சிறிய கோப்பைப் போட்டால் ஓடும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் கார்ட் மெக்கில் ஓடாது. என்னாலும் ஓட வைக்க முடியாது, வேறு எவராலும் முடியாது. இதைச் சொன்னபோது அந்தத் தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

'ஆதரவு இல்லாத கார்ட்' என்று எல்லோரும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் முற்றிலும் வேறான நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. அந்தக் கார்டின் சிப்புக்கு அப்பிள் ஒருபோதும் ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுக்காத நிலைமை ஒன்று. முன்பு இருந்த ட்ரைவரைப் பின்னர் எடுத்துவிட்ட நிலைமை இன்னொன்று. ட்ரைவர் இயங்குதளத்துக்குள்ளேயே இருந்தும் கார்டின் அடையாள எண்ணை அது ஏற்காத நிலைமை மற்றொன்று. கைவேலையால் முழுமையாகத் தீரக்கூடியது இந்தக் கடைசி நிலைமை மட்டுமே.

அதற்கு நல்ல உதாரணம் நமது பகுதியில் பழைய கார்டாக அதிகம் கைமாறும், ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580. பெட்டியில் 580 என்று அச்சிட்டிருந்தாலும், அவற்றில் ஒருவகைக்குள் 2304 கணிப்பு அலகுகளுக்குப் பதிலாக 570இல் உள்ளதுபோல 2048 அலகுகளே இருக்கின்றன. அசலான 580 மெக்கில் எதுவும் செய்யாமலே ஓடும். இந்த 2048 வகையின் அடையாள எண் 6எஃப்டிஎஃப். அப்பிளின் ட்ரைவர் எதிர்பார்ப்பதோ 67டிஎஃப். சிப்பின் கட்டமைப்பு ஒன்றேயாதலால், அப்பிள் அல்லாத கணினியில் மெக்கைத் திறக்க வைக்கும் ஓபன்கோர் என்ற மென்பொருளின் கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அந்தக் கார்ட் பூட்டப்பட்ட பாதையைக் குறிப்பிட்டு, 67டிஎஃப் என்ற எண்ணைக் கொடுத்தால் ட்ரைவர் அதை ஏற்றுக்கொள்கிறது. இந்த எண்ணை எழுதும்போது பைட்டுகளைத் திருப்பி, முதலில் டிஎஃப், அடுத்து 67, பின்னர் நான்கு பூச்சியங்கள் என்று எழுத வேண்டும். என்னிடம் திருத்தத்துக்கு வருகின்ற கணினிகளில் பலவற்றில் இந்த எண் நேராக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். அந்த ஒரே காரணத்துக்காக நல்ல கார்டைக் குறைந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5500, 5600, 5700 வகைகளின் சிக்கல் வேறு. அப்பிள் சின்னம் தோன்றி, கோடு பாதிவரை ஓடி, திரை கறுத்துவிடும். விசிறி மட்டும் சுற்றும். கார்ட் பழுது என்றே எல்லோரும் நினைப்பார்கள். இப்படி வந்த ஒரு கணினியை நான் நெட்வேர்க் கேபிளில் இணைத்து, பக்கத்துக் கணினியிலிருந்து பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பிப் பார்த்தேன், பதில் வந்தது. இயங்குதளம் முழுமையாக ஏறி உயிரோடு இருந்தது, திரைக்குப் படம் அனுப்பும் வழி மட்டுமே அடைபட்டிருந்தது. வட்எவர்கிரீன் என்ற துணைக்கோப்புடன், ஏஜிடிபிமொட் என்ற துவக்கக் கட்டளைக்கு பிகேரா என்ற மதிப்பைக் கொடுத்ததும் படம் வந்தது.

இனி என் தவறு ஒன்று. 2021இல் மெக் இயங்குதளத்தின் பிக் சர் 11.4 பதிப்பு வெளிவந்தபோது ஆர்எக்ஸ் 6800க்கும் 6900க்கும் ட்ரைவர் கிடைத்தது. அதே வரிசைதானே என்று எண்ணி, ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி வாங்கலாம் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அதன் சிப் வேறு. அந்தச் சிப்புக்கு அப்பிள் ட்ரைவர் தரவே இல்லை. அடுத்த பதிப்பான மொன்டரேயின் 12.1இல் 6600க்குத்தான் வழி திறந்தது. நூட்ஆர்எக்ஸ் என்ற தன்னார்வலர் ஆக்கம் பின்னர் வந்து 6700க்கும் ஒரு வழி காட்டியது. ஆனால் அதுவரை அந்த அண்ணன் என் வார்த்தையை நம்பி வாங்கிய கார்டை மெக்கில் பயன்படுத்த முடியாமல் இருந்தார். பெட்டியிலுள்ள இலக்கத்தை நம்பாமல் சிப்பின் பெயரைக் கேட்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். அதே வரிசையின் 6400, 6500 எக்ஸ்டி இரண்டுக்கும், அடுத்து வந்த 7000 வரிசைக்கும் வழியில்லை.

என்விடியா கார்டுகளைப் பொறுத்தவரை நிலைமை கடினம். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகள் 2017இல் வந்த ஹை சியரா என்ற மெக் பதிப்புடன் நின்றுவிட்டன. அதற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020உடன் முடிந்தன. அதைவிடப் பழைய கெப்லர் வகைக் கார்டுகளின் ட்ரைவரை அப்பிள் மொன்டரேயில் நீக்கியது. நீக்கிய ட்ரைவரைத் திரும்பவும் ஒட்டும் கருவி இருக்கிறது. ஆனால் அதற்காக இயங்குதளத்தின் பாதுகாப்புப் பூட்டைத் தளர்த்த வேண்டும். வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்களை வைத்திருக்கும் ஸ்டூடியோக் கணினியில் அப்படிச் செய்ய நான் சம்மதிப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் என்று தொடங்கும் எதற்கும் மெக்கில் ட்ரைவர் இருந்ததே இல்லை.

இந்த நிலையில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ வழியே புரொசசரின் சொந்தக் கிராபிக்ஸைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். 8 முதல் 10ஆம் தலைமுறை வரையான இன்டெல் மேசைக் கணினி புரொசசர்கள் பெரும்பாலானவற்றில் அது முடியும். 11ஆம் தலைமுறையிலிருந்து முடியாது. களுவாஞ்சிக்குடித் தம்பியின் புரொசசர் ஐ5 10400 என்று கேட்டதும் எனக்கும் நம்பிக்கை வந்தது. விசிறியைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்துப் பார்த்தபோது இலக்கத்தின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தது. அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பது பொருள்.

மெக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் அதை அப்பிளின் சொந்தக் கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது என்பதையும், இப்படிப்பட்ட கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2009இல் அமெரிக்க நீதிமன்றம் அப்பிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததையும், வருகின்ற ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் யாரோ தயாரித்த, ஓபன்கோரும் அதன் அமைப்புகளும் அடங்கிய ஈஎஃப்ஐ கோப்புறையை அப்படியே இறக்கிப் போடாதீர்கள்; அதில் இன்னொருவரின் தொடர் இலக்கம் இருக்கும், வேறு என்ன இருக்கும் என்பதும் தெரியாது. எந்த மாற்றத்தையும் முதலில் யூஎஸ்பியில் செய்து பாருங்கள், கல்யாண வீடியோக்கள் உள்ள வட்டின் கேபிளை அதுவரை கழற்றி வையுங்கள்.

2025இல் வந்த டாஹோ, இன்டெல் கணினிகளுக்கான கடைசி மெக் இயங்குதளம் என்று அப்பிள் அறிவித்துவிட்டது. ஆகவே இப்போது கார்ட் வாங்க நினைப்பவர்களிடம், விண்டோஸிலும் உங்களுக்கு உதவக்கூடிய கார்டையே வாங்குங்கள் என்கிறேன். அந்தத் தம்பி 3060ஐ விற்கவில்லை. விண்டோஸ் போட்டு, டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை நிறுவிக் கொடுத்தேன். முதல் வாரம் விசைகள் பழகவில்லை என்று இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தார்.