வயலில் கூடாரம், ஆண்டுக்கு 60 நாள்: லண்டனைச் சுற்றி கேம்ப்சைட் நடத்த விதி என்ன?

கென்ட், சரே, சசெக்ஸ், எசெக்ஸ் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் புல்வெளி வைத்திருப்பவர், கோடையில் அதில் கூடாரம் போட்டு நாலு காசு பார்க்கலாமா? பார்க்கலாம். பிளானிங் பெர்மிஷனுக்கு விண்ணப்பிக்காமலேயே ஆண்டுக்கு 60 நாள் வரை கேம்ப்சைட் நடத்த இங்கிலாந்தில் 2023 ஜூலை 26 முதல் இடமிருக்கிறது. 'பெர்மிஷன் வேண்டாம்' என்ற பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் பிறகு கவுன்சில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இது இங்கிலாந்துக்கு மட்டுமான விதி. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் சட்டம் வேறு.

முன்பு இருந்தது 28 நாள் விதி. ஒரு நிலத்தை ஆண்டில் 28 நாள் வரை வேறு வேலைக்குத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்ற அந்தப் பழைய சலுகையின் கீழ்தான் பல விவசாயிகள் ஆகஸ்டில் கேட்டைத் திறந்துவிட்டார்கள். கொரோனா வந்தது. வெளிநாட்டுப் பயணம் நின்று, உள்ளூரில் கூடாரத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 2020 கோடையில் அரசு 28 நாளை 56 ஆக்கியது. 2021 முடியும் வரை அது நீடித்தது. சலுகை முடிந்த பிறகும் 'இதை நிரந்தரமாக்குங்கள்' என்ற கோரிக்கை ஓயவில்லை. அதன் பலன்தான் இன்றைய 60 நாள். விண்ணப்பிக்காமலே எதையெல்லாம் செய்யலாம் என்று பட்டியலிடும் பொது அனுமதி ஆணையில் இதற்கு 'கிளாஸ் பிசி' என்று பெயர். கவுன்சிலுக்கு எழுதும்போது இந்தப் பெயரைக் குறிப்பிட்டால் என்ன கேட்கிறீர்கள் என்று அவர்களுக்கு உடனே புரியும்.

பழைய 28 நாளையும் புதிய 60 நாளையும் கூட்டி 88 நாள் நடத்தலாமே என்று ஒரு கணக்கு உலவுகிறது. நடக்காது. கேம்ப்சைட் என்றால் இப்போது கிளாஸ் பிசி மட்டும்தான். பழைய விதி கார் பூட் சேல், திருவிழா போன்றவற்றுக்கு இன்னும் உண்டு, கேம்ப்சைட்டுக்கு இல்லை.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

கூடாரமும் கேம்பர்வேனும் போடலாம். காரின் பின்னால் இழுத்து வரும் கேரவன் கூடாது. ஒரு நேரத்தில் 50 பிட்ச் வரை, அதாவது கூடாரமோ கேம்பர்வேனோ நிற்கும் 50 இடம் வரை.

கிளாம்பிங், அதாவது சொகுசுக் கூடாரத் தங்கல், நடத்த ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பெல் டென்ட், டீப்பி, யர்ட் போன்றவை துணியும் கம்பமும் கொண்டவை, பிரித்து எடுத்துப் போகக்கூடியவை. உள்ளே கட்டில், கம்பளம், விளக்கு என்று எவ்வளவு சொகுசு செய்தாலும் அவை கூடாரம்தான்; பிரச்சினை இல்லை. படங்களில் பார்த்து மயங்குகிறோமே, அந்தச் சக்கரம் வைத்த மரக்குடிசை, 'ஷெப்பர்ட்ஸ் ஹட்'? சட்டத்தின் கண்ணில் அது பொதுவாகக் கேரவன். 'பாட்' எனப்படும் சின்ன மர அறை, மரத்தின் மேல் கட்டும் வீடு, சிறு கேபின் எல்லாவற்றுக்கும் முறையான பிளானிங் பெர்மிஷன் வேண்டும். கூடாரத்துக்கு அடியில் கான்கிரீட் ஊற்றி, நிரந்தர மேடை கட்டி, குழாய் புதைத்தால் அதுவும் கட்டுமானக் கணக்கில் போய்விடலாம். எடுத்துப் போகக்கூடிய கழிப்பறை, குளியல் அறை, சின்ன வரவேற்புக் கொட்டகை போன்ற, தேவைக்கு உட்பட்ட தற்காலிக அமைப்புகளுக்கு அனுமதி உண்டு. சீசன் முடிந்ததும் அவை போய்விட வேண்டும்.

கழிப்பறையும் குப்பை ஏற்பாடும் கட்டாயம். 'பக்கத்து பப்பில் போய்க்கொள்ளட்டும்' என்பது செல்லாது. நிலத்திலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் அறிவிப்பு. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். விண்ணப்பம் வேண்டாம் என்றாலும், ஒவ்வொரு ஆண்டும் முதல் கூடாரம் ஊன்றுவதற்கு முன்பே உள்ளூர் பிளானிங் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அதில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: எந்தெந்தத் தேதிகளில் நடத்தப்போகிறீர்கள் என்பது ஒன்று, கழிப்பறையும் கழிவு ஏற்பாடும் எங்கே என்று காட்டும் நில வரைபடம் இன்னொன்று. போன வருடம் கொடுத்தாகிவிட்டதே என்று இந்த வருடம் சும்மா இருந்துவிட முடியாது. மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் செய்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

60 நாளை எண்ணும் விதம்

சட்டம் எண்ணுவது நாளை, இரவை இல்லை. வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்பும் குடும்பம் உங்களுக்கு இரண்டு இரவு வாடகை தரும், உங்கள் கணக்கில் மூன்று நாள் தின்றுவிடும். வாரக் கடைசி மட்டும் நடத்தினால் 20 வாரக் கடைசிகள் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை அநேகமாக முழு சீசன். ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை வயலில் கூடாரம் எதுவும் நிற்காவிட்டால்தான் இந்தக் கணக்கு சரி. வாரா வாரம் பத்து பெல் டென்டைப் பிரித்து மறுபடி ஊன்றுவது லேசான வேலை இல்லை. ஈரத்தோடு சுருட்டிய துணி இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ஆள் இல்லாவிட்டாலும் கூடாரம் நிற்கும் நாளையும் ஒரு நாளாகவே எழுதி வையுங்கள் என்பதுதான் என் கருத்து. கவுன்சிலோடு வாதாடி ஜெயிக்கிற நேரத்தில் சீசன் முடிந்துவிடும்.

பள்ளி விடுமுறையைப் பிடிக்க நினைப்பவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். கோடை விடுமுறை ஆறு வாரம், அதாவது 42 நாள். மே மாத ஹாஃப் டேர்ம் இரண்டு பக்க வாரக் கடைசியோடு 9 நாள். ஆக 51. மீதமுள்ள 9 நாளில் மூன்று வாரக் கடைசிகள். கச்சிதமாகப் பொருந்துகிறது இல்லையா? இங்கேதான் இரண்டாவது சட்டம் குறுக்கே வருகிறது.

1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், பிரிவு 269. பிளானிங்கோடு இதற்குச் சம்பந்தமே இல்லை; இது கூடார நிலத்துக்கான லைசென்ஸ் பற்றியது. தொடர்ந்து 42 நாளுக்கு மேல் போனாலோ, ஏதாவது ஒரு 12 மாதத்தில் 60 நாளுக்கு மேல் போனாலோ கவுன்சிலின் லைசென்ஸ் வேண்டும். கோடை விடுமுறை ஆறு வாரமும் ஒரே மூச்சில் நடத்தினால் நீங்கள் 42-ஆம் நாளின் விளிம்பில் நிற்கிறீர்கள். கூட்டம் நன்றாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு நாள் நீட்டினால் லைசென்ஸ் இல்லாத கேம்ப்சைட் ஆகிவிடுவீர்கள், பிளானிங் கணக்கில் 60-க்குள் இருந்தாலும்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. பிளானிங் விதி ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறது. சுகாதாரச் சட்டம் எந்த 12 மாதத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒருவர் முதல் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக, 42 நாள் வரம்பு தாண்டாமல் நடுவில் ஒரு நாள் மூடி, 60 நாள் நடத்துகிறார். மறு ஆண்டு, முன்னதாகவே தொடங்கலாமே என்று மே, ஜூனில் அதேபோல் 60 நாள். பிளானிங்கில் இரண்டு ஆண்டும் சுத்தம். ஆனால் முதல் ஆகஸ்டிலிருந்து மறு ஜூலை வரை எண்ணினால் 120 நாள். லைசென்ஸ் இல்லாமல் நடத்தியது குற்றமாகிவிடுகிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதிகளில் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேம்பர்வேனிலும் இதே மாதிரி இரட்டைக் கணக்கு. கிளாஸ் பிசி அதை அனுமதிக்கிறது. ஆனால் கேரவன் தளங்களுக்கான 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தங்குவதற்காக மாற்றியமைத்த மோட்டார் வண்டியும் கேரவன்தான். அந்தச் சட்டத்தின் லைசென்ஸும், அதிலுள்ள விலக்குகளும் தனி. ஐந்து ஏக்கருக்குக் குறையாத நிலமானால் ஒரு நேரத்தில் மூன்று வண்டி, 12 மாதத்தில் 28 நாள் வரை லைசென்ஸ் இல்லாமல் விடலாம். அதற்கு மேல் கேம்பர்வேன் விட நினைத்தால் கவுன்சிலின் லைசென்ஸ் பிரிவையும் கேட்டாக வேண்டும். பிளானிங் பிரிவு சரி என்று சொன்னது அவர்களைக் கட்டுப்படுத்தாது. முதல் வருடம் கூடாரத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நிம்மதி.

எந்த நிலத்தில் முடியாது

கிரீன் பெல்ட், அதாவது நகரம் பரவாமல் தடுக்க ஒதுக்கிய பசுமை வளையம், என்றால் எதுவுமே செய்ய முடியாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த விதி கிரீன் பெல்ட்டிலும் செல்லும், சவுத் டவுன்ஸ் போன்ற தேசியப் பூங்காவிலும் செல்லும். செல்லாத இடங்கள் வேறு. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவிக்கப்பட்ட இயற்கைப் பகுதி, பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம், ராணுவ வெடிபொருள் கிடங்குப் பகுதி, அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம், அப்புறம் பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தின் வளாகம். கென்டில் பழைய பண்ணை வீடுகளும், ஹாப்ஸ் உலர்த்திய கூம்புக் கூரை ஓஸ்ட் ஹவுஸ்களும் பட்டியலில் இருப்பது சகஜம். வீட்டை ஒட்டிய தோட்டம் வளாகத்துக்குள் வரும். வேலி தாண்டிய மேய்ச்சல் நிலம் பொதுவாக வராது. இயற்கைப் பகுதிகளையும் தொல்சின்னங்களையும் அரசின் 'மேஜிக்' வரைபடத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆற்றங்கரை நிலம் தனிக் கதை. படம் எடுத்தால் அழகாக இருக்கும், வாடகையும் கூடும். ஆனால் வெள்ள வரைபடத்தில் வெள்ள அபாயம் அதிகமான இரண்டாம் அல்லது மூன்றாம் மண்டலத்தில் வந்தால் அறிவிப்பு மட்டும் போதாது. வெள்ள அபாயம் பற்றி கவுன்சிலின் முன் ஒப்புதலும் வாங்க வேண்டும். மெட்வே ஆற்றங்கரையில் யால்டிங் ஊர் 2013 கிறிஸ்துமஸில் எப்படி மூழ்கியது என்று நினைவிருப்பவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம் அரசுத் தளத்திலேயே இருக்கிறது. போஸ்ட்கோடு போட்டால் மண்டலம் தெரிந்துவிடும். நிலத்தை வாடகைக்கு எடுக்கும் முன்பே பாருங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் குத்தகைப் பத்திரத்தையும் படிக்க வேண்டும். 'விவசாயத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் கவுன்சில் ஒத்துக்கொண்டாலும் நிலச் சொந்தக்காரர் நிறுத்திவிடலாம். தீப் பாதுகாப்பு ஆணையின் கீழ் கூடாரமும் ஒரு கட்டடம் போலத்தான் பார்க்கப்படுகிறது, ஆகவே எழுத்தில் ஒரு தீ அபாய மதிப்பீடு வேண்டும். கிணற்று நீரோ போர்வெல் தண்ணீரோ விருந்தினருக்குக் கொடுப்பதாக இருந்தால் கவுன்சில் அதைச் சோதிக்க வேண்டும். பொதுப் பாதை நிலத்தின் குறுக்கே போனால் அதை மறிக்கக் கூடாது.

போய்த் தங்குகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி போதும்: கழிப்பறை எங்கே இருக்கிறது, இந்த வருட அறிவிப்பு கவுன்சிலுக்குக் கொடுத்தாயிற்றா? நடுவில் கவுன்சில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வது நீங்களும்தான். இன்னொன்று, நம்மவர்கள் கூட்டமாகப் போனால் கோழியை மசாலா தடவிச் சுடாமல் வரமாட்டோம். மழை வந்ததும் பார்பிக்யூ அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைக்கவே கூடாது. கரி அணைந்ததுபோல் தெரிந்தாலும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. இந்த நாட்டில் கூடாரத்தில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

கடைசியாக, முன்பு முதலீடு என்று சொல்லி விற்கப்பட்ட துண்டு நிலங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. லண்டனைச் சுற்றி பெரிய வயல்களை வாங்கிச் சிறு சிறு துண்டாக்கி, 'நாளைக்கு வீடு கட்ட அனுமதி வரும்' என்று ஆசைகாட்டி விற்ற 'லேண்ட் பேங்கிங்' வியாபாரம் பற்றி இந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வீடுதான் இல்லை, கோடையில் கூடாரமாவது போடலாமே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அப்படித் துண்டாடப்பட்ட வயல்கள் வேலிகளும் கொட்டகைகளுமாகிவிடக் கூடாது என்று பல கவுன்சில்கள் 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு போட்டு, தற்காலிகப் பயன்பாட்டு உரிமைகளை அங்கே முன்கூட்டியே நீக்கி வைத்திருக்கின்றன. அப்படி உத்தரவு இருக்கும் நிலத்தில், எந்த உரிமையை நீக்கியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் 60 நாள் விதியை நம்பி இறங்க முடியாது. பிளானிங் பிரிவுக்கு நிலப்பதிவு எண்ணையும் வரைபடத்தையும் அனுப்பி, 'இந்த நிலத்துக்கு ஆர்ட்டிகிள் 4 இருக்கிறதா, இருந்தால் கிளாஸ் பிசியை அது நீக்குகிறதா' என்று ஒரு வரி கேளுங்கள். பெல் டென்ட் ஆர்டர் செய்வதை பதில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.