கிம்ச்சியில் கிடைத்து, பிறகு காணாமல் போன பெயர்

கிம்ச்சி என்பது காய்கறிகளைப் புளிக்க வைத்துச் செய்யும் கொரிய உணவு. நன்றாகப் புளித்த கிம்ச்சிச் சாற்றில் ஒரே ஒரு சொட்டு எடுத்தாலும் அதில் லட்சக்கணக்கான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கும். அந்தக் கூட்டத்தில் இதுவரை யாருமே பார்க்காத இனம் ஒன்று இருந்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாற்றைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, எம்ஆர்எஸ் அகார் (இந்த பாக்டீரியாக்களை வளர்க்கும் சத்துக்கூழ்) தட்டில் தடவுவார்கள். அகாரில் கால்சியம் கார்பனேட் கலந்திருந்தால் தட்டு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். ஓரிரு நாளில் பாக்டீரியாக்கள் பெருகி, குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளிகளாக முளைக்கும். அமிலம் சுரக்கும் புள்ளியைச் சுற்றி மட்டும் வெளுப்பு கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்த வளையம் தெரியும். பார்க்கவே அழகாக இருக்கும். அப்புறம் அந்தப் புள்ளியில் கொஞ்சம் எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். காயத்தில் விட்டால் நுரை பொங்குமே, அதே திரவம்தான். இங்கே நுரைக்காது. அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி பொதுவாக இந்த பாக்டீரியாக்களிடம் இல்லை.

சரி, லாக்டிக் அமில பாக்டீரியாவாக இருக்கலாம் என்று தெரிந்துவிட்டது. இனம்? அதற்கு எல்லா பாக்டீரியாக்களிடமும் இருக்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் படிக்கிறார்கள். சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம். தெரிந்த இனங்கள் எதனோடும் 98.7 சதவீதம்கூடப் பொருந்தாவிட்டால் அது புதிய இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் பொருந்தினால் இந்த ஒரு மரபணுவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் பிளாண்டாரம், பென்டோசஸ் என்ற இரண்டும் தனித்தனி இனங்கள். ஆனால் இந்த மரபணுவில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். அதனால் இப்போது முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிடுகிறார்கள். சராசரிப் பொருத்தம் 95-96 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரே இனம்.

2002இல் கிம்ச்சியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு வைசெல்லா கிம்ச்சீ என்று பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டில், அதற்குச் சற்று முன்னால், மலேசிய உணவுகளிலும் நோயாளிகளின் மாதிரிகளிலும் கிடைத்த ஒன்றுக்கு வைசெல்லா சிபாரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். 2004இல் இரண்டின் டிஎன்ஏவையும் ஒன்றோடொன்று இணைய விட்டு, எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்த்தார்கள். இரண்டும் ஒரே இனம்! முதலில் வெளியான பெயருக்குத்தான் உரிமை என்பது விதி. கிம்ச்சீ என்ற பெயர் போனது.

இந்த ஒப்பீடு நடந்ததற்குக் காரணமான ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய இனம் என்று அறிவிப்பவர்கள் அந்த பாக்டீரியாவை உயிரோடு பொதுச் சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இப்போது குறைந்தது இரண்டு நாடுகளில் வைத்தாக வேண்டும். சந்தேகம் வந்த ஆய்வாளர் அதைக் கேட்டு வாங்கி, தன் தட்டிலேயே வளர்த்துப் பார்க்கலாம்.