விடைக்கோழிக் கூண்டில் ராத்திரி பல்பு எதற்கு?

மார்கழிப் பனி இறங்கினால் போதும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமிருந்து பஞ்சாரத்திலும் அட்டைப்பெட்டியிலும் விடைக்கோழிகள், அதாவது முட்டையிடத் தொடங்கும் பருவத்து இளம் பெட்டைகள், எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வரத் தொடங்கிவிடும். பின்பக்கம் சிவந்த சதை பிதுங்கியிருக்கும், அதன்மேல் மஞ்சள்தூளை அப்பியிருப்பார்கள். "குடல் தள்ளிருச்சுங்க." அது குடல் அல்ல, முட்டை இறங்கும் குழாய். விசாரித்தால், "முதல் முட்டையே நல்ல பெரிசுங்க, ரெட்டைக் கரு!" என்று பெருமை வேறு. அந்த முட்டைதான் குழாயை வெளியே தள்ளியது.

விடைக்கோழியின் முதல் முட்டைகள் சிறிதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வயது கூடக்கூட மஞ்சள் கரு பெருக்கும், கூடவே முட்டையும். ஆரம்பத்தில் ஓடில்லாத தோல்முட்டையும் கருவில்லாத முட்டையும் ஒன்றிரண்டு வந்து நின்றுவிடும். அதற்கு டானிக் வேண்டாம். நாமக்கல் முட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அது முட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வெள்ளை லெகார்ன் வழிக் கோழி இடும் 55 கிராம் முட்டை. நாட்டுக்கோழி 40 கிராமில் இட்டால் அதில் குறையே இல்லை. அரசின் தரமுத்திரையான அக்மார்க்கில் 38 முதல் 44 கிராம் வரை சிறியது, 60க்கு மேல் மிகப் பெரியது என்று பிரித்திருப்பது வியாபாரத்துக்கு. கோழியின் உடல்நலத்துக்குப் போட்ட மார்க் இல்லை அது. ஓட்டுக்குக் கோழி ஒதுக்கும் கால்சியம் முட்டைக்கு ஏறத்தாழ 2 கிராம்தான். முட்டை பெருத்தால் அதே சத்து அகலமாகப் பரவி ஓடு மெலியும்.

சின்ன உடம்பில் பெரிய முட்டை எங்கிருந்து வந்தது? பல்பிலிருந்து. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று விடிய விடிய எரியவிடுகிறீர்கள். குஞ்சுக்கு முதல் நாலைந்து வாரம் அது தேவை. பிறகு கோழியின் உடம்பு அந்த வெளிச்சத்தைப் பகலாகவே எடுத்துக்கொண்டு, இடுப்பெலும்பு விரியும் முன்பே முட்டைக்குத் தயாராகிறது. இறகு முழுதாக முளைத்த கோழி நம் மலைக்குளிரைத் தாங்கும். ஈரமும் ஊதைக்காற்றும்தான் ஆகாது. தரையில் நான்கு அங்குலம் காய்ந்த மரச்சீவல், காற்றடிக்கும் பக்கம் சாக்கு, கூரையடியில் ஆவி போக ஓர் இடைவெளி. போதும்.

முதல் முட்டை வரும் சமயத்தில், முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்துக்கு மாறுங்கள். முன்பே கொடுத்தால் அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெறும் மக்காச்சோளம் கொழுக்கத்தான் வைக்கும், கொழுத்த கோழிக்கு முட்டை அடைக்கும். கால்சியத்துக்குக் கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள்.

வாலைத் தொங்கவிட்டு, காலை அகட்டி முக்கிக்கொண்டு நின்றால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு நனைய 15, 20 நிமிடம் உட்கார வைத்து, துவாரத்தில் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான பெட்டியில் விடுங்கள். தயவுசெய்து உள்ளே விரல்விட்டு முட்டையை உடைக்காதீர்கள். சில மணி நேரத்தில் இறங்காவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள். குழாய் பிதுங்கியிருந்தால் உடனே தனியே பிரியுங்கள். சிவப்பைக் கண்ட மற்ற கோழிகள் கொத்திக் குடலையே உருவிவிடும். இளஞ்சூட்டு உப்புநீரில் கழுவி, ஈரம் காயாமல் கொண்டுவாருங்கள். மஞ்சள்தூள் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

நன்றாக இட்டுவந்த பெட்டை திடீரென்று சிறிய முட்டை, சுருங்கிய ஓடு, தண்ணீரான வெள்ளைக்கரு என்று மாறினால் மட்டும் கவலைப்படுங்கள். தும்மல், சளி இருக்கிறதா பாருங்கள். அதற்கும் முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள். ஓட்டை நீக்கினால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். கோழி நாளுக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். உறைபனி விழும் ஊட்டிக் காலையில் கிண்ணம் கட்டியாகிக் கிடக்கிறது. நீங்கள் கூண்டைத் திறப்பதே ஒன்பது மணிக்கு.