டைல்ஸுக்குப் பின்னால் நனையாத பூஞ்சை

“குளியலறையை ஒட்டிய படுக்கையறையில் பீரோவை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. பிளீச் தெளித்துத் துடைத்ததும் போனது. மாதம் திரும்புவதற்குள் அதே இடத்தில் வந்துவிட்டது. பிளீச் போலியா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிளீச் மேல் பழி போட வேண்டாம். சுவருக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. தெளித்த பிளீச்சும் பூஞ்சையைச் சரியாகத் தொடவில்லை. இந்த இரண்டாவது காரணம்தான் சுவையானது. முதலாவதை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. டைல்ஸையோ சிமெண்டையோ அவை தின்பதில்லை. பெயிண்டின் பசை, சோப்புப் படலம், தூசி, பிளைவுட், ஜிப்சம் பலகையின் காகித உறை போதும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் நம் ஊரில் கேட்காமலே கிடைக்கிறது. குறைவது நீர் மட்டும்தான். நனைந்த பரப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை கிளம்பாது. காயாத சுவரில், பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே சில வகைகள் முளைத்துவிடும். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதில்லை.

புதுப் பூச்சில் பூஞ்சை வராததற்குக் காரணம் அதன் காரத்தன்மை. பிஹெச் 12-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல அதைக் குறைத்துவிடுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த வீடுகளில், காரம் இறங்கும் முன்பே புதுக் காரம் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தச் சுவையான பகுதி. பூஞ்சையின் உடல் என்பது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள இழைகள். உணவு தேடும் இழை ஈரத்துக்குள்ளேயே வளர்கிறது. வித்துகளைப் பரப்ப வேண்டுமானால் அது காற்றுக்கு வர வேண்டும். அங்கேதான் சிக்கல். குளத்தின் மேல் ஓடும் பூச்சியின் காலைத் தாங்குகிற அதே பரப்பு இழுவிசை, அடியிலிருந்து வரும் இந்த மெல்லிய இழையை மேலே வரவிடாமல் தடுக்கிறது.

பூஞ்சை இதற்கு ஒரு புரதத்தை வைத்திருக்கிறது: ஹைட்ரோஃபோபின். ஏறத்தாழ நூறு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். அதில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் எட்டு இடங்களில் இருந்து, நான்கு கந்தகப் பிணைப்புகளாகக் கோத்து நிற்கிறது. இழை இதை நீருக்குள் சுரக்கிறது. நீரும் காற்றும் சந்திக்கும் பரப்புக்குப் போனதும் மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கிக்கொண்டு படலமாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை 72 அலகிலிருந்து 24 வரை, அதாவது மூன்றில் ஒரு பங்காக விழுகிறது. இழை மேலே வருகிறது. வந்த பிறகும் அந்தப் புரதம் விடுவதில்லை. நீரை விரும்பும் முகம் இழையின் பக்கமும், நீரை வெறுக்கும் முகம் காற்றின் பக்கமும் இருக்க, இழையையும் வித்தையும் போர்த்திக்கொள்கிறது. நீரில் பிறந்தது நனையாத உடையோடு வெளியே நிற்கிறது!

1999-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டுப்போன மரத்தில் வளரும் ஒரு காளானில் இதைக் காட்டினார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணுவை முடக்கியதும் காற்றுக்கு எழும் இழைகள் வெகுவாகக் குறைந்தன. புரதத்தை வெளியிலிருந்து சேர்த்ததும் மீண்டும் எழுந்தன. மரக்காளான் எப்படித் தண்ணீரைவிட்டு வெளியே வருகிறது என்ற கேள்விக்கு “இதனால் நாட்டுக்கு என்ன பயன்?” என்று கேட்கும் நிதிக்குழு பணம் தந்திருக்காது. அப்படிக் கேட்கும் குழுக்கள் நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

பயன் உங்கள் சுவரிலேயே இருக்கிறது. வெறும் பிளீச் தண்ணீர் அந்த உடையின் மேல் முத்து முத்தாக உருண்டு, பாதி கீழே வழிகிறது. ஒட்டியது நிறத்தை வெளுக்கிறது. பூச்சின் நுண்துளைக்குள் போகும் முன்பே அதன் வீரியம் தீர்ந்துவிடுகிறது. உள்ளே போவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதாவது பூஞ்சைக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு. ஆய்வகத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நீரில் கலக்க ட்வீன் என்ற சோப்பு வகைத் திரவத்தைச் சில சொட்டு விடுவதும் இதனால்தான். வீட்டிலும் முதலில் சோப்பு, பிறகுதான் மற்றவை.

ஆனால் சுத்தம் செய்வது கடைசி வேலை. கசிவைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. கறை இருக்கும் இடத்தில் கசிவு இருக்கும் என்று நம்பிக் கொத்தவே கூடாது. பத்து மைக்ரான் ஆரமுள்ள நுண்துளையில் நீர் தானாகவே ஒன்றரை மீட்டர் வரை ஏறும். ஓதம் குளியலறைத் தரையில் கிளம்பி, படுக்கையறைச் சுவரில் இடுப்பளவில் தெரியலாம்.

முதலில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சையா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் உப்பு. அடுத்து, 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேலே ஈரம் என்றால் அறைக் காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. படுக்கையறை ஏசி சுவரைக் குளிர்வித்து, வெந்நீர்க் குளியலின் ஆவி மறுபக்கம் படியும் வீடுகளில் பிளம்பரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

உள்ளிருந்து வருகிறது என்றால் மூன்று சந்தேகங்கள். வரத்துக் குழாயில் கசிந்தால் ஓதம் இரவும் பகலும் குறையாது. குளியலறைக்கான கேட் வால்வை மூடி, கீசரைக் கழற்றி, அது பொருந்தியிருந்த இரு குழாய் முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்து, கைப் பம்பால் வழக்கமான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் குழாயில்தான் கோளாறு. சிபிவிசி குழாய்களில் வழக்கமான குற்றவாளி மரை உள்ள இணைப்பு: டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, ஸ்பானரால் முறுக்கி, பிளாஸ்டிக் மரையைப் பிளந்துவிடுகிறார்கள். அன்று சொட்டாது. சில மாதம் கழித்துச் சொட்டும்.

குழாய் தேறிவிட்டால் கழிவு வழி. சொட்டு நீலம் கலந்த தண்ணீரைத் தரையில் படாமல் ஹோஸ் வழியாக நானி டிராப்புக்குள் (தரைத் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணம்) ஐந்து வாளி ஊற்றுங்கள். கீழ் வீட்டுக் கூரையில் நீலம் வராவிட்டாலும் ஈரம் பெருகினால் போதும். சிமெண்ட் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிராப்பைச் சுற்றி வழுவழுப்பான பிவிசியோடு சிமெண்ட் ஒட்டுவதில்லை. வெப்பத்தில் பிவிசி கான்கிரீட்டைப்போல் ஐந்தாறு மடங்கு விரிவதால் அந்த விளிம்பு எப்படியும் பிரியும்.

இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்றாவது சோதனை. டிராப்பை அடைத்து, 25 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சாயம் இல்லாத தண்ணீரை 24 மணி நேரம் தேக்குங்கள் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் வெள்ளை கிரவுட்டில் சாயம் கறையாகும்). மட்டம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. கிரவுட்டை மட்டும் புதுப்பித்தால் சில காலம்தான் தாங்கும்.

இந்த மூன்று சோதனைக்கும் ஆகும் செலவு, குளியலறை ஈசானிய மூலையில் இருப்பதுதான் கோளாறு என்று வாஸ்து பார்த்து இடித்து மாற்றுவதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. புது மூலையிலும் அதே கொத்தனார் அதே டிராப்பைத்தான் பதிப்பார்.

தரைதான் என்று தெரிந்தால் டைல்ஸை எடுத்து, மூலைகளில் கலவையால் வளைவு கொடுத்து, இரு பாக சிமெண்ட்-அக்ரிலிக் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட் அடிக்க வேண்டும். சுவரில் 30 சென்டிமீட்டரும், ஷவர் பக்கம் ஆள் உயரமும் ஏற்ற வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் மறுபடி 48 மணி நேரம் நீர் தேக்கிப் பாருங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

அடுக்ககங்களில் இதற்குப் பின்னும் ஒரு குழப்பம் வரும். குளியலறைத் தளத்தைப் பள்ளமாக வார்த்து, செங்கல் துண்டால் நிரப்பியிருப்பார்கள். ஒன்றரைக்கு இரண்டு மீட்டர் அறையில் கால் மீட்டர் ஆழம் என்றால் முக்கால் கனமீட்டர். அதில் முப்பது விழுக்காடு இடைவெளி என்று வைத்தாலும் 225 லிட்டர் தண்ணீர் அடியில் நிற்க முடியும். அந்த நிரப்பலை அள்ளாமல் மேலே பூசினால், கசிவை அடைத்த பிறகும் கீழ் வீட்டில் வாரக்கணக்கில் சொட்டும். வேலை தோற்றுவிட்டது என்று திரும்பவும் உடைப்பவர்கள் உண்டு.

கசிவு நின்றபின் சுத்தம். ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் நீங்களே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், மின்விசிறி போடாதீர்கள். நனையாத வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டைல்ஸ்போல நீர் உறிஞ்சாத பரப்பில் மட்டும் லிட்டருக்கு 60 மில்லி பிளீச் கலந்து தடவலாம். கழிவறை ஆசிட் பாட்டில் அருகிலேயே இருக்கக் கூடாது; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஊதிய பிளைவுட், ஜிப்சம் பலகையைத் தேய்த்துப் பயனில்லை, வெட்டி எறியுங்கள். பொரிந்த பூச்சை ஈர எல்லைக்கு 30 சென்டிமீட்டர் அப்பால்வரை கொத்தி எடுங்கள்.

கறுப்பு என்பதால் கூடுதல் பயம் வேண்டாம். 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்கசிவுக்கு ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சை காரணம் எனப் பேசப்பட்டது. அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று 2000-இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே அறிவித்தது. எந்த நிறமானாலும் ஒவ்வாமை வரலாம், எல்லாவற்றையும் எடுக்கத்தான் வேண்டும். இனம் காணும் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணத்தைப் பிளம்பருக்குக் கொடுங்கள்.

செங்கல் சுவர் ஓர் அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பாலிதீன் தாள் சோதனையை மறுபடி செய்து, அடியில் ஈரம் இல்லை என்றான பிறகே பட்டி பார்க்க வேண்டும். குளித்தபின் வைப்பரால் நீரைத் தள்ளி, எக்ஸாஸ்ட் விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கதவுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் விசிறி சத்தம் போடுமே தவிர ஈரத்தை வெளியேற்றாது.