மூன்றாவது ஆர்ஓ மெஷின் வேண்டாம்

போன மாதம் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் வேலை, வருடா வருடம் செய்வது. தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் புதிதாக, தண்ணீர் சுத்திகரிக்கும் ஒரு ஆர்ஓ மெஷின் நின்றது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு. இரண்டும் ஓடவில்லை. ஒன்றில் உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் அடைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. இன்னொன்றில் மோட்டார் எரிந்துவிட்டது. மூன்றின் நெற்றியிலும் உபயதாரர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

"ரெண்டு மெஷின் இருக்கு, அதைச் சரி பண்ணிக் கொடுங்கன்னு சொன்னேன் மேடம். புதுசாத்தான் கொடுப்பேன்னு சொல்லிட்டார். கொடுக்க வர்றவங்க மனசு நோகக் கூடாதே, வாங்கி வச்சுட்டேன்" என்றார் தலைமை ஆசிரியை. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் ஆடிட்டராகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பள்ளி, முதியோர் இல்லம், நூலகம், அன்னதானம் என்று இந்த வட்டாரத்து அறக்கட்டளைகள் பலவற்றின் கணக்கு என் மேசைக்கு வருகிறது. கொடுக்கும் மனசுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர், சென்னையில் செட்டில் ஆனவர், கடைத்தெருவில் மளிகை வைத்திருப்பவர், எல்லாரும் கொடுக்கிறார்கள். கொடுத்தது நிற்பதில்லை, அதுதான் பிரச்சினை. இந்த வராந்தாக் காட்சியை வேறு வேறு பொருள்களோடு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொடுப்பவர்களில் பாதிப் பேராவது என்னிடம் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "பணமா கொடுத்தா கரைஞ்சு போயிடும்மா, பொருளா கொடுத்தா நிக்கும்." இந்த ஒன்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் நடப்பது நேர் எதிர். அந்த மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கேண்டில் மாற்ற வேண்டும். மெம்பிரேன் அதிகம் போனால் இரண்டு வருடம் வரும். மெக்கானிக் கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் வைக்காமல் அந்த மெஷின் ஓடாது. ஆறு வருடத்தில் 90,000. அதாவது பராமரிப்புச் செலவு மெஷின் விலையைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? உபயதாரர் யோசிப்பதில்லை. பள்ளிக்கு வரும் மானியத்துக்குச் செலவுத் தலைப்பு உண்டு, இந்த மெஷினுக்கு அதில் இடம் இருக்காது. கடைசியில் யாராவது ஒரு ஆசிரியர் கைக்காசு போட்டு இரண்டு முறை கேண்டில் மாற்றுவார். மூன்றாவது முறை மாற்ற மாட்டார். மெஷின் நின்றுவிடும். நிற்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அது இப்படித்தான் நிற்கிறது.

கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முதியோர் இல்லத்துக்கு வாருங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் பிறந்தநாள் சாப்பாடு போடுகிறார்கள், மூன்றிலும் இனிப்பு உண்டு. அங்கே இருப்பவர்களில் பலருக்குச் சர்க்கரை. செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆள் கிடையாது. அந்த இல்லத்துக்கு உண்மையில் தேவைப்படுவது இரவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த அம்மாவின் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டால், "சம்பளத்துக்கெல்லாம் எப்படிங்க கொடுக்கிறது?" என்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்துபோன பாட்டிக்குத் துணி மாற்றுவது தர்மம் இல்லையா? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். நல்ல மனசோடு அனுப்பிய துணிதான். என்ன வேண்டும் என்று யாரும் கேட்காமல் அனுப்பியது.

சரி, பணமாகவே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறு வேறு. அதே பள்ளியின் பீரோவில் பழைய வைப்பு நிதி ரசீதுகள் ஒரு கட்டு இருக்கிறது. 1974-ல் ஒரு பெரியவர் ஆயிரம் ரூபாய் போட்டு, அதன் வட்டியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்குப் பரிசு தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு ஏழு சதவீதம் என்றாலும் வட்டி 70 ரூபாய். இப்படிப் பதினேழு ரசீது, பதினேழு நிபந்தனை. இன்ன சமூகத்துப் பையனுக்கு, இன்ன தெருவில் இருப்பவருக்கு, இப்போது நடத்தாத ஒரு பாடத்துக்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு ஏழைப் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காவது உதவும். சேர்க்க வழியில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டதால், பொது அறக்கட்டளையாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். எழுபது ரூபாய் வட்டிக்கு யார் வக்கீல் வைப்பார்கள்?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிரெடெரிக் காஃப் என்று ஒரு வக்கீல் இருந்தார், பின்னாளில் ஒரு டிரஸ்ட் வங்கிக்குத் தலைவரானார். எப்போதோ இறந்துபோனவர்கள் எழுதி வைத்த நிபந்தனைகளால் தர்மப் பணம் பயனில்லாமல் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து அவருக்கும் பொறுக்கவில்லை. 1914-ல் கிளீவ்லாந்து ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். பலர் கொடுப்பது ஒரே நிதியில் சேரும். அசல் அப்படியே இருக்கும், அதன் வருமானம் அந்த ஊருக்குச் செலவாகும். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலத்தால் பொருந்தாமல் போனால், ஊர்ப் பொறுப்பாளர்கள் குழு அதை வேறு நல்ல காரியத்துக்கு மாற்றலாம். சமுதாய நிதியம் என்பது இவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கிளீவ்லாந்துக்காரர்கள் ஆரம்பத்தில் செய்த காரியம். பெரிய நிதி கைக்கு வருவதற்கு முன்பே நகரத்துப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று விரிவாக ஆய்வு செய்து தொகுதி தொகுதியாக அறிக்கை போட்டார்கள். முதலில் கேட்டார்கள், அப்புறம்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அசலைக் காப்பாற்றும் கணக்கை நாம் அமெரிக்காவில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நுந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு விட்டதாகத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆட்டுக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் குட்டிகளைக் கொண்டு ஈடு செய்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளந்தால் போதும், விளக்கு எரியும். விளக்கைச் செய்து வைத்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை, நெய்க்கு வழி செய்துவிட்டுப் போனார்கள். நாம் மெஷினை வைத்துவிட்டு நெய்யை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்திருக்கிறோம். நான் அதில் அறங்காவலர் இல்லை. கணக்குப் பார்ப்பவள் அறங்காவலராக இருக்கக் கூடாது, அது சரியில்லை. அங்கே கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். யாரையும் பெரிய தொகை கேட்பதில்லை. மாதம் நூறு ரூபாய், யுபிஐ ஆட்டோபேயில். ஒருமுறை ஐயாயிரம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரை விட, மாதாமாதம் நூறு கொடுக்கிறவர் கணக்குக் கேட்பார், கூட்டத்துக்கு வருவார், பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு மறுவாரம் கல்யாண மண்டபத்தில் கூட்டம். வரவு செலவை அச்சடித்து வாசலில் ஒட்டிவிடுவோம். யார் வேண்டுமானாலும் பில்லைக் கேட்கலாம். பணம் கரைந்துவிடும் என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான்.

பெயர் வேண்டும் என்பவர்களை நாங்கள் ஒதுக்குவதில்லை. அம்மா பெயரில் கொடுக்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? பொது நிதிக்குள்ளேயே அவர் அம்மா பெயரில் ஒரு தனிக் கணக்கு எழுதுகிறோம். எதற்குப் போனால் சந்தோஷம் என்று ஒரு கடிதம் வாங்குகிறோம். அந்தக் கடிதத்தில் 'இத்தேவை இல்லாமல் போனால் நிர்வாகக் குழு வேறு பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம்' என்ற வரி கட்டாயம். பெயர்ப்பலகை ஒன்றே ஒன்றுதான், எல்லார் பெயரும் அகர வரிசையில். லட்சம் கொடுத்தவருக்கும் நூறு கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து.

அப்புறம், ஊர்ப் பணம் கொஞ்சம் கையில் இருந்தால் அரசுப் பணம் கூட வரும். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. குளத்துக் கரைச் சுவரோ நூலகக் கட்டடமோ, அந்த ஒரு பங்கைத் திரட்ட முடியாமல் கைநழுவிப்போன வேலைகள் பல. அரசுப் பள்ளிகளுக்கென்று 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற திட்டம் வந்திருக்கிறது. தனியாகக் கொடுக்கத்தான் ஆசை என்றால், அதிலே பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

இப்போது வரி. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவைத்தான் 80ஜி என்பார்கள். "80ஜி இருக்கில்ல, போட்ட பணம் அப்படியே திரும்பி வந்துடும்ல?" என்று கேட்பவர்களுக்கு: வராது. உள்ளூர் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் கொடுத்தால், அதில் பாதி, அதாவது ஐயாயிரம்தான் வருமானத்திலிருந்து கழியும். நீங்கள் முப்பது சதவீதத்தில் வரி கட்டுகிறவர் என்றால் மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை, ஆர்ஓ மெஷின் உள்பட. ரசீது மட்டும் போதாது, வருமான வரித்துறைத் தளத்தில் பதிவாகி வரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். லட்ச ரூபாய்க்கு ரசீது கொடுத்துவிட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் திருப்பித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் ஓடிவராதீர்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அசலாக வைக்கத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் அதைக் கடிதத்தில் 'மூலநிதிக்கு' என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அது அந்த வருடத்து வருமானமாகிவிடும். அறக்கட்டளை வரிவிலக்கில் இருக்க பொதுவாக அந்த வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகச் சில இடங்களில் பெயின்ட் அடிப்பது இதனால்தான். மூலநிதியின் வட்டிக்கும் அதே கணக்கு உண்டு. மிஞ்சும் 15 சதவீதத்தைச் செலவழித்துத் தீர்க்காமல் அசலோடு சேர்க்கச் சொல்லுங்கள். விலைவாசி அசலைத் தின்றுவிடாமல் இருக்க அது கொஞ்சமாவது உதவும்.

சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட மகன் அனுப்பும் பணத்தை உள்ளூர் டிரஸ்ட் கணக்கில் அப்படியே போட்டுவிடாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தில் கொடுப்பது வேறு. வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் அது வர வேண்டும். அந்தப் பதிவு இல்லாத டிரஸ்டுக்கு நீங்கள் உதவி செய்யவில்லை, வழக்கை வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

மூன்றாவது மெஷின் கொடுத்தவரை நானே போனில் பிடித்தேன். மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து இப்போது சென்னையில் இருக்கிறார். கொஞ்சம் கோபத்தோடுதான் பேச ஆரம்பித்தேன். அவர் சொன்னார், "பேருக்காக இல்லம்மா. எங்கம்மா அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணிக்குடம் தூக்கித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. அதான் தண்ணி கொடுக்கணும்னு நெனச்சேன்." அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உறை பிரிக்காததால் கடைக்காரர் பத்து சதவீதம் கழித்துக்கொண்டு மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்தப் பணம் அவருடைய அம்மா பெயரில் மூலநிதியாகப் போகிறது. வட்டி வருவதற்குள் முதல் மெஷினுக்கு மெம்பிரேன் மாற்றவும், இரண்டாவதன் மோட்டாருக்குக் காயில் கட்டவும் மாதச் சந்தாப் பணத்திலிருந்து கொடுத்திருக்கிறோம்.

தலைமை ஆசிரியை ஒரு நோட்டில் பள்ளிக்கு வேண்டியதை எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி, கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தில் குறையும் தொகை. இரண்டாவது, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். மூன்றாவது, லேப் குழாய்க்கு வாஷர். இது வரை அந்த நோட்டை யாரும் கேட்டுப் பார்த்ததில்லையாம். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். கடைக்குப் போவதற்கு முன்னால் தயவுசெய்து அதைக் கேளுங்கள்.